தாவர மரபுவள ஒப்பந்தத்தின் ஆளுங்குழுவுக்கு: கலவன்களைப் பற்றி ஒரு மடல்

உணவுக்கும் வேளாண்மைக்குமான தாவர மரபுவளங்கள் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தின் ஆளுங்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டில் விதைச்சான்றுப் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதைப்பண்ணைக்குள் இறங்கி, பதிவான ரகத்தின் உருவத்துக்கு ஒத்துவராத செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்கச் சொல்வது என் வேலை. அந்தச் செடிக்கு எங்கள் துறையில் கலவன் என்று பெயர். கலவன் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தால் வயல் தள்ளுபடியாகும். அளவுக்குள் இருந்தால் மூட்டைக்கு நீல அட்டை கிடைக்கும். ஆப்பிரிக்காவின் பழந்தானியங்களைப் பற்றி உங்களுக்கு எழுத இப்படிப்பட்டவனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நான் சான்று கொடுத்த மானாவாரித் தானியங்களில் மூன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. கம்பு சஹாராவின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிரானது. சோளத்தை மனிதர் பயிரிடத் தொடங்கியதன் மிகப் பழைய தடயம் கிழக்குச் சூடானில், கசலா நகருக்கு அருகே, பானை ஓடுகளில் பதிந்த உமியாகக் கிடைத்திருக்கிறது. கேழ்வரகு எத்தியோப்பியாவுக்கும் உகாண்டாவுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலங்களைச் சேர்ந்தது. எங்கள் கூழுக்கும் களிக்கும் மூலவிதை கொடுத்தவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடனில் ஒரு பகுதியாக இந்த மடலை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் கேட்கப்போகும் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கரிசல் காட்டு ஊர் ஒன்றில் ஒரு மூதாட்டி அரசு ரகக் கம்பில் விதைப்பண்ணை போட்டிருந்தார். பக்கத்து நிலத்தில், அவருடைய வீட்டுக்கென்று காலங்காலமாக எடுத்து வைத்த நாட்டுக் கம்பும் நின்றது. கம்பு அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் விதைப்பண்ணையைச் சுற்றி 200 மீட்டருக்கு வேறு கம்பு இருக்கக் கூடாது என்பது விதி. நாட்டுக் கம்பைப் பூப்பதற்கு முன்னால் அறுத்துவிடச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை, ஒன்று மட்டும் கேட்டார்: “உங்க கம்பு எல்லாம் ஒண்ணா பூக்குது. எங்கது முன்னே பின்னே பூக்கும். பூத்த அன்னிக்கு மழை பிடிச்சா உங்களது கழுவிப் போயிடுமே ஐயா, அப்ப என்ன செய்வீங்க?” நான் பதில் சொல்லவில்லை, கையேட்டில் அதற்குப் பதிலும் இல்லை. அன்று மாலைக்குள் அந்தக் கம்பு மாட்டுத் தீவனமாகியது. மறு ஆண்டு அந்த ஊரில் நாட்டுக் கம்பை நான் பார்க்கவில்லை, அது எந்தக் கிடங்குக்கும் போய்ச் சேர்ந்ததாகவும் தெரியவில்லை.

2001-ல் ஏற்கப்பட்டு 2004-ல் நடைமுறைக்கு வந்த உங்கள் ஒப்பந்தம் விதைக் கிடங்குகளுக்குச் செய்த நன்மையைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஐதராபாத்தை அடுத்த படான்செருவில் இருக்கும் கிடங்கில் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சோள மாதிரிகளும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கம்பு மாதிரிகளும் உள்ளன. ஆனால் அந்தக் கிடங்கில் இருப்பது, விதை உள்ளே போன அன்றைய நிலை. பயிர் தன் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப மாறிக்கொண்டே போகும் வேலை வயலில் நடக்கிறது, அதைச் செய்பவர்கள் உழவர்கள். உங்கள் சட்டமும் பணமும் பெரும்பாலும் கிடங்கையே பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது என் குறை.

இதற்கு நைஜர் நாட்டைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அங்கே 1976-ல் ஊர் ஊராகச் சென்று கம்பும் சோளமும் சேகரித்தார்கள். சஹாராவின் தெற்கு விளிம்பை ஒட்டிய சஹேல் பகுதி 1970-களிலும் 1980-களிலும் கடும் வறட்சிகளைக் கண்டது. மழை குறைந்தது, பருவம் சுருங்கியது. 2003-ல் ஆய்வாளர்கள் திரும்பவும் அதே ஊர்களுக்கு, மொத்தம் 79 ஊர்களுக்கு, சென்றார்கள். நாட்டு ரகங்கள் அழிந்திருக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் நாட்டளவில் பார்த்தபோது வேற்றுமை பெரிய அளவில் குறையவில்லை. அடுத்து 1976-ன் கம்பையும் 2003-ன் கம்பையும் ஒரே வயலில் பக்கம் பக்கமாக விதைத்துப் பார்த்தார்கள். பின்னது முன்னதைவிடச் சீக்கிரம் பூத்தது. செடியும் கதிரும் சற்றுச் சிறுத்திருந்தன. பூக்கும் காலத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவில், முன்பூப்புக்கு உதவும் வடிவம் இடைப்பட்ட 27 ஆண்டுகளில் தற்செயலால் விளக்க முடியாத அளவுக்குப் பெருகியிருந்தது. 2011-ல் வெளியான அந்த ஆய்வு காட்டிய மாற்றத்தை எந்தப் பயிர்ப்பெருக்க நிலையமும் செய்யவில்லை. வறண்ட ஆண்டில் தாமதமாகப் பூத்த செடி மணி பிடிக்காமல் போனது, முந்திப் பூத்தது விதையானது, உழவர் அந்தக் கதிரை எடுத்து அடுத்த ஆண்டுக்கு வைத்தார். குளிர்அறையில் 1976-ன் விதை 1976-ஆகவே காத்திருந்தது. அது காத்திருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், கிடங்கு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

இந்த மாற்றம் கம்பில் எப்படி இவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை அறிய ஒரு கதிரைக் கையில் பிடித்துப் பார்த்தால் போதும். கம்புக் கதிரில் முதலில் சூல்முடிகள் வெளிவருகின்றன, வெள்ளைப் பஞ்சுபோல் கதிர் முழுக்க நீட்டிக்கொண்டிருக்கும். அதே கதிரின் மகரந்தப் பைகள் சில நாள் கழித்துத்தான் வருகின்றன. ஆகவே அது தன்னை நம்பி இல்லை, வயலில் நிற்கும் ஏதோ ஒரு கதிரின் மகரந்தத்துக்குக் காத்திருக்கிறது. நைஜரில் அந்த ஏதோ ஒன்று காட்டுக் கம்பாகவும் இருக்கலாம். பயிர்க் கம்பும் காட்டுக் கம்பும் கலந்து பிறக்கும் இடைச்செடிகளை அங்கே ‘ஷிப்ரா’ என்கிறார்கள். அது மணி உதிரும், கதிர் சிறுக்கும், உழவர் பெரும்பாலும் களையாகவே பிடுங்குகிறார். ஆனால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட முடிவதில்லை, அதன் வழியாகக் காட்டின் மரபுக்கூறுகள் பயிருக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. பயிர்க் கம்பின் வேற்றுமையில் ஒரு பங்கு இப்படிக் காட்டு உறவிலிருந்து வந்தது என்று 2018-ல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வும் காட்டியது. நான் 200 மீட்டர் கயிறு பிடித்துத் தடுத்த கலப்பு, அங்கே பயிரை உயிரோடு வைத்திருக்கிறது.

சோளத்தில் கதை வேறு. 1972-ல் ஹார்லன், டி வெட் என்ற இருவர் சோளத்தை ஐந்து இனங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் ‘கினி’ என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் மழை மிகுந்த பகுதிக்கு உரியது. அதன் கதிர் நம் ஊர் வெள்ளைச் சோளம்போல் இறுகியிருக்காது. நீண்டு, நெகிழ்ந்து, தலைவிரித்துத் தொங்கும். மணி முற்றும்போது உமி இரண்டாகப் பிளந்து வாய்திறக்கும், மணி ஏறக்குறையக் கால்வட்டம் திரும்பி வெளியே துருத்திக்கொள்ளும். ஈரத்தைப் பிடித்து வைக்க இறுக்கமான கதிரும் இல்லை, மூடிய உமியும் இல்லை. மழை நின்று வெயில் தலைகாட்டிய அரைநாளில் மணி உலர்ந்துவிடும், கதிர்ப் பூசணம் எளிதில் ஏறுவதில்லை. மணி கெட்டியாகவும் இருக்கும். உரலில் குத்தினால் நொறுங்காமல் தவிடு தனியாகக் கழன்று வரும். மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் இந்த மாவைத்தான் நம் களியைப்போலக் கிண்டி ‘தோ’ என்று உண்கிறார்கள். ஆகவே குத்தும் பெண்களின் தேர்வும் இந்தக் கெட்டித்தன்மையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இவற்றைவிட நுட்பமானது அந்தச் சோளம் நாள் நீளத்தைப் படிக்கும் விதம். மேற்கு ஆப்பிரிக்காவில் மழை எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாது; ஓராண்டு மே மாதம், ஓராண்டு சூன் முடிவு. ஆனால் அது முடியும் காலம் அவ்வளவு தள்ளாடுவதில்லை. மேயில் விதைத்தாலும் சூனில் விதைத்தாலும், பகல் குறுகுவதை உணர்ந்து, மழை ஓயும் நேரத்தை ஒட்டிப் பூக்கும் ரகங்களைத் தலைமுறை தலைமுறையாக அங்கே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குறுகிய கால ரகம் முந்தி விதைத்தால் நடுமழையில் முற்றிப் பூசணம் பிடிக்கும், அல்லது ஊரில் வேறு தீனி இல்லாத வேளையில் பழுத்துப் பறவைக்கு இரையாகும். நைஜீரியாவின் ஹௌசா உழவர்கள் முந்திய கம்புக்கு ‘கேரோ’ என்றும் பிந்தியதற்கு ‘மைவா’ என்றும் பெயர் வைத்து இரண்டையும் வைத்திருக்கிறார்கள். குறுவையையும் சம்பாவையும் பிரித்தறிந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு இதில் வியப்பு இல்லை. இதைக் கலப்பு என்று குறித்துத் தள்ளும் படிவம் என் கையிலும் இருந்தது என்பதுதான் வருத்தம்.

எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதிச் சோளம் ஒன்று இந்த வருத்தத்தைக் கூட்டுகிறது. 1973-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் உலகச் சோளத் தொகுப்பை ஆராய்ந்தபோது, லைசின் என்ற புரதக்கூறு வழக்கத்தைவிட மிக அதிகமாக உள்ள இரண்டு மாதிரிகள் கிடைத்தன. இரண்டும் வொல்லோவைச் சேர்ந்தவை. மணி சூம்பியது, விளைச்சல் குறைவு. உழவர்கள் அதைத் தனி வயலாகப் போடாமல் மற்றச் சோளத்தோடு கலந்தே விதைத்தார்கள். மணி பால்பிடித்து இறுகும் பருவத்தில் கதிரோடு வாட்டித் தின்றார்கள். அவர்கள் அவற்றுக்கு வைத்திருந்த பெயர்களில் ஒன்று ‘வெத்தெத் பெகுஞ்சே’, என் வாயில் பால் என்று பொருள். மற்றொன்று தேனின் பெயரால் அமைந்த ‘மார்ச்சுக்கே’. ஆய்வகம் கண்டுபிடித்த சத்தை நாக்கு முன்பே கண்டு பெயரிட்டு வைத்திருந்தது. அந்த வயலில் நான் நின்றிருந்தால் சூம்பிய மணி என்று எழுதி ஒதுக்கியிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரே சீரான பயிரின் விலையை எங்கள் நாடும் கொடுத்திருக்கிறது. இந்தியாவில் 1965-ல் வந்த முதல் வீரிய ஒட்டுக் கம்புக்கும் அதைத் தொடர்ந்தவற்றுக்கும் பெண் பெற்றோர் ஒன்றே, அமெரிக்காவின் டிஃப்டனில் உருவான ஓர் ஆண்மலட்டு வகை. விளைச்சல் துள்ளியது, 1970-களில் அடிச்சாம்பல் நோய் வந்தபோது அத்தனையும் சேர்ந்து விழுந்தன, கதிர் வரவேண்டிய இடத்தில் இலைக்கொத்து வந்தது. பின்னாளில் எங்களுக்குக் கை கொடுத்தவற்றில் ஒன்று வடக்கு டோகோவின் ‘இனியாடி’ என்னும் நாட்டுக் கம்பு. பெரிய மணி, குறுகிய வயது. படான்செருவில் அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் 1988-ல் இந்தியாவில் வெளியானது, அதையே மேலும் தேர்ந்தெடுத்து இரும்புச்சத்து கூட்டியதுதான் ‘தனசக்தி’. நமீபியாவில் பரவிய ‘ஒகஷானா-1’ கம்பிலும் இனியாடியின் வழி உண்டு. இந்தியக் குழந்தையின் இரத்தசோகைக்கு மருந்தாகச் சொல்லப்படும் ஒரு கம்பு டோகோ உழவரின் தேர்வு என்பதை எங்கள் விதைப்பைகளில் எதிலும் நான் படித்ததில்லை.

கிடங்கு என்பது கட்டடமும் மின்சாரமும் ஆட்களும் சேர்ந்தது; அவை போனால் அதுவும் போகும். சூடானின் தேசிய மரபுவளக் கிடங்கு வாத் மதானி நகரில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் அந்த ஆண்டு டிசம்பரில் அந்த நகருக்குள் வந்தது, கிடங்கு சூறையாடப்பட்டது. அங்கிருந்த ஆய்வாளர்கள் மீட்ட விதைகளில் ஒரு பகுதி, சோளம் உட்பட, 2025 பிப்ரவரியில் நார்வேயின் ஸ்வால்பார் தீவில் இருக்கும் உலக விதைப் பெட்டகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சோளம் பிறந்த நாட்டின் சோளம் வடதுருவத்துக்கு அருகே அடைக்கலம் புகுந்ததை ஒரு வெற்றியாக மட்டும் எழுதிவிட முடியவில்லை. அதே போரில் கெசீராவிலும் கசலாப் பக்கமும் விதைக்கும் பருவத்தைத் தவறவிட்ட உழவர்கள் எத்தனை பேர், அவர்கள் வீட்டுக் குதிரில் இருந்த விதை என்னவாயிற்று என்பதைக் கணக்கெடுக்க உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு பொறுப்பாளர்கூட இல்லை. 1984-85 பஞ்சத்தில் எத்தியோப்பிய உழவர்கள் விதைக்கு வைத்ததையும் உண்டார்கள். அதற்குப் பின் மெலாக்கு வொரெடே தலைமையில் அடிஸ் அபாபாவின் கிடங்கு நாட்டு ரகங்களை மீண்டும் வயலுக்கே அனுப்பி, உழவர்களோடு சேர்ந்து காத்தது. 1989-ல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. கிடங்கிலிருந்து வயலுக்குப் பாதை போட ஒரு முன்மாதிரி உங்கள் கண்ணெதிரே இருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். உழவர்கள் தாம் சேமித்த விதையை வைத்துக்கொள்ளவும் பயன்படுத்தவும் பரிமாறவும் விற்கவும் உள்ள உரிமையை எதுவும் குறைப்பதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்தின் 9.3-ஆம் பிரிவு சொல்கிறது. சொன்ன கையோடு “உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு” என்றும் சேர்க்கிறது. அந்தச் சொற்களின் வழியாக என்ன நுழைகிறது என்று பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பின் 2008-ஆம் ஆண்டு விதை விதிகள், பட்டியலில் பதிவான ரகத்தையே வணிகம் செய்யலாம் என்கின்றன; பதிவாக ரகம் தனித்தன்மையும் ஒருசீர்மையும் நிலைத்தன்மையும் காட்ட வேண்டும். ஊருக்கு ஊர், கதிருக்குக் கதிர் மாறுபடும் நாட்டுக் கம்பு இந்த மூன்றில் இரண்டாவதிலேயே தோற்றுவிடும், தோற்பதுதான் அதன் பலம். 2014-ல் பிரெஞ்சு மொழி வழங்கும் ஆப்பிரிக்க நாடுகளின் அறிவுசார் சொத்து அமைப்பு, புது ரகத்தை உருவாக்கியவருக்கு அதன்மேல் தனியுரிமை தரும் ‘யுபோவ்’ ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2015-ல் தான்சானியாவின் அருஷாவில், ஆங்கிலம் வழங்கும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் அறிவுசார் சொத்து அமைப்பு ஏற்ற நெறிமுறையும் அதே வழியில் சென்றது. இவை நாட்டு ரகத்தைத் தடைசெய்யவில்லை என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மைதான். தடைசெய்யவில்லை, பெயரில்லாமல் ஆக்குகின்றன. சந்தையில் விற்க முடியாத விதைக்கு மானியம் இல்லை, கடன் இல்லை, திட்ட அறிக்கையில் ஒரு வரி இல்லை. இதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் தன் இயற்கை வேளாண் விதிகளில், 2022 முதல், ஒருசீர்மை இல்லாத பல்வகைப் பயிர்க்கூட்டத்தையும் விதையாக விற்க அனுமதித்துவிட்டது. தனக்குத் தளர்த்திக்கொண்டதை மற்றவர்க்கு இறுக்கி வைப்பதில் என்ன நியாயம் என்று ரோமில் இருக்கும் உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பது?

சான்று வேண்டாம் என்று சொல்பவன் நான் அல்ல. முளைக்காத விதையும் மணல் கலந்த மூட்டையும் ஏழை உழவரின் ஒரு பருவத்தையே கொன்றுவிடுவதை நேரில் பார்த்தவன். நான் கேட்பது இரண்டாவது ஒரு பதிவேடு. முளைப்புத்திறனும் தூய்மையும் நோயின்மையும் சோதிக்கப்பட்டு, ஒருசீர்மை கேட்கப்படாத பதிவேடு. இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உழவர் ரகம் என்ற பிரிவை ஏற்று, உழவர் தம் விளைபொருளை, வணிகப் பெயரிட்ட விதையாக அல்லாத வகையில், விதையாகவும் விற்கலாம் என்று எழுதியிருக்கிறது. குறைகள் உண்டு, ஆனாலும் 2022-ல் நீங்கள் புதுதில்லியில் கூடியபோது அதைப் பற்றி விரிவாகப் பேசியிருப்பீர்கள் என நம்புகிறேன்.

எத்தியோப்பியாவின் டெஃப், மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபோனியோ ஆகிய இரண்டு சிறுதானியங்களும் உங்கள் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில், அதாவது நாடுகள் விதையைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் பயிர்களின் பட்டியலில், இல்லை. சோளம், கம்பு, கேழ்வரகு இருக்கின்றன. எத்தியோப்பியாவின் அன்றாட உணவும் மேற்கு ஆப்பிரிக்காவில் பசிக்காலத்தில் முதலில் அறுவடையாகும் தானியமும் இல்லை. சேர்த்துவிடுங்கள் என்று எளிதாகச் சொல்ல நா வரவில்லை. எத்தியோப்பியா 2005-ல் நம்பி டெஃப் விதை கொடுத்த பிறகு நெதர்லாந்து நிறுவனம் ஒன்று டெஃப் மாவுக்குக் காப்புரிமை வாங்கி வைத்தது. 2018-ல்தான் ஹேக் நகர நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்தக் கசப்பு ஆறாமல் பட்டியலில் சேர் என்று கேட்பது, கடன் திருப்பித் தராதவர் மறுபடியும் கை நீட்டுவது போன்றது. பகிர்ந்த விதையால் வரும் லாபத்தில் ஒரு பங்கு உழவர்களுக்குத் திரும்பவென்று நீங்கள் வைத்த பலன்பகிர்வு நிதிக்குக் கட்டாயத் தொகையாக வந்தது மிகச் சொற்பம் என்பது உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. விதை விற்பவர் விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தானாகச் செலுத்தும் முறையை முதலில் உறுதி செய்யுங்கள். டெஃப், ஃபோனியோ பேச்சு அதற்குப் பின் நேர்மையாக நடக்கும்.

அந்த நிதியில் ஒரு பகுதியை ஒரே காரியத்துக்காக ஒதுக்கும்படி வேண்டுகிறேன். நைஜரில் தற்செயலாகப் போலக் கைகூடிய 1976, 2003 ஒப்பீட்டை ஒரு வழக்கமாக்குங்கள். சூடான், சாட், மாலி, புர்கினா ஃபாசோ, எத்தியோப்பியா, உகாண்டா ஆகிய நாடுகளில் ஊர்களைக் குறித்துக்கொண்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே ஊர்களில் அதே பயிரை மீண்டும் சேகரியுங்கள். சேகரிப்பவர் அந்த நாட்டவராக இருக்கட்டும், விதை முதலில் அந்த நாட்டுக் கிடங்கில் வைக்கப்படட்டும். கதிரை எடுத்துக் கொடுக்கும் கை பெரும்பாலும் பெண்ணின் கை. அவர் சொல்லும் பெயரையும், எதற்காக அதை வைத்திருக்கிறார் என்று சொல்லும் காரணத்தையும், எண்ணுக்குப் பக்கத்தில் அவர் மொழியிலேயே எழுதுங்கள். வாத் மதானிக்குத் திரும்ப வேண்டிய விதைகள் எந்தெந்த நாட்டுக் கிடங்குகளில் பிரதியாக இருக்கின்றன என்ற பட்டியலை அடுத்த அமர்வுக்குள் வெளியிடுங்கள், அவற்றைப் பெருக்கி அனுப்பும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். படான்செருவின் குளிர்அறையிலிருந்து சூடான் சோளம் திரும்பிப் போகும் நாளில், விதை சோதித்து மூட்டை கட்ட ஓய்வுபெற்ற கைகள் வேண்டுமென்றால், என்னைப் போல் இங்கே பலர் இருக்கிறோம். முளைப்புச் சோதனை எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விதைச்சான்று அலுவலர் ஒருவர்,
தமிழ்நாடு